வரப்புப் பலாமரத்து வழக்கு

கடித்தது கரடிதான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கடிபட்ட மனுஷன் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் அக்கா. இந்த ஓரத்தில் இருந்தால்தான் வார்டு வாசல் தெரியும். உள்ளே ஜன்னலோரக் கட்டிலில், தலையிலும் இடது கையிலும் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறாரே, அவர் என் பெரியப்பா. மாடக்கண்ணு என்று பெயர். அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். பக்கத்தில் காக்கிச் சட்டை போட்டு நின்று எழுதுகிறவர் வனத்துறை ஆள், எங்கள் பகுதி பாரஸ்டர். பெரியப்பாவிடம் கேட்டு எழுதி முடித்ததும் என்னைக் கூப்பிடுவார். ஏனென்றால் கரடி அடித்ததை ஆரம்பத்திலிருந்து கண்ணால் பார்த்த சாட்சி ஒரே ஆள்தான். நான்.

நான் சொல்லப் போவதை வைத்துத்தான் பெரியப்பா இங்கிருந்து வீட்டுக்குப் போவாரா, ஜெயிலுக்குப் போவாரா என்று தெரியும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. காட்டு எல்லையில், அவர் விழுந்து கிடந்த இடத்துக்குப் பக்கத்தில், பலாப்பழம் குவியலாகக் கிடக்கிறது. ஒரு நாள் குவியல் இல்லை, பல நாள் குவியல். பழம் வைத்துக் கரடியைப் பழக்கி, வேட்டைக்காரன் எவனுக்கோ வழி பண்ணிக் கொடுத்திருக்கிறார் என்று பாரஸ்டர் நினைக்கிறார். கரடி என்றால் சும்மாவா? புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு கரடிக்கும் உண்டு. நான் சட்டக் கல்லூரியில் கடைசி வருஷம், எனக்குத் தெரியும். அந்த வழக்கை எழுதிவிட்டால் ஜாமீன் வாங்குவதற்குள் பெரியப்பாவின் கட்டே தானாக அவிழ்ந்துவிடும்.

பாரஸ்டர் நினைப்பது தப்பு அக்கா. பெரியப்பாவைச் சந்தேகப்படுவது தப்பு என்று நான் சொல்லவே மாட்டேன். தாராளமாகச் சந்தேகப்படலாம். ஆனால் அவர் தப்பான குற்றத்துக்குச் சந்தேகப்படுகிறார். சரியான குற்றத்துக்கு நான் ஒருத்தி பலா பழுக்க ஆரம்பித்ததிலிருந்து சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறேன், கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. உங்கள் வீட்டுக்காரரை ஸ்கேனுக்குக் கூட்டிப்போனவர்கள் இப்போதைக்கு வரமாட்டார்கள். நீங்கள் கேளுங்கள். கேட்டுவிட்டு நியாயத்தைச் சொல்லுங்கள்.

எங்கள் ஊர் மலைக்கு அடியில் இருக்கிற ஊர். ஓடைக்கரைப்புதூர். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒட்டினாற்போல வீடு, ஒட்டினாற்போலத் தோப்பு. தோப்பைப் பாகம் பிரித்தபோது தென்னையை எண்ணி எழுதினார்கள், மாவை எண்ணி எழுதினார்கள், கிணற்றில் யாருக்கு எந்தக் கிழமை மோட்டார் என்றுகூட எழுதினார்கள். வரப்பில் நிற்கிற பலாவை மட்டும் எழுதவில்லை. அண்ணன் தம்பிக்குள் ஒரு பலாவுக்காகவா சண்டை வரும் என்று விட்டுவிட்டார்களாம். சட்டம் தெரியாதவர்கள் பத்திரம் எழுதினால் இதுதான் நடக்கும்.

சண்டை வந்தது. பெரியம்மாவின் தங்கை மகளுக்கு வளைகாப்பு என்று, அந்த வருஷம் காய்த்ததில் பெரிய பழம் எதுவோ அதைப் பெரியப்பா அறுத்துக் கொடுத்தனுப்பிவிட்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா போய் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "ஒரு பழத்துக்கு எங்கிட்டக் கணக்குக் கேக்க வந்திட்டியால?" என்று தெருவில் வைத்துச் சொல்லிவிட்டார். அன்றோடு பேச்சு முடிந்தது. மூன்று வருஷமாகிறது. நல்லது கெட்டதுக்கு நாங்களும் போவதில்லை, அவர்களும் வருவதில்லை.

பேச்சு இல்லை என்றால் பேசாமல் இருக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பெரியப்பா மாட்டிடம் பேசுவார். செவலை என்று ஒரு பசு. "ஏ செவல, நாளைக்கு லயன்ல வேலையாம், கரண்டு இருக்காது, தண்ணியப் பிடிச்சு வையி" என்பார். செவலை எந்தக் குடத்தில் பிடித்து வைக்கும்? எங்கள் அம்மா உடனே மோட்டார் போடச் சொல்லுவாள். அம்மா குரங்கிடம் பேசுவாள். வற்றல் காயப்போட்ட இடத்துக்கு மந்திக்கூட்டம் இறங்கினால், கம்பை ஓங்கிக்கொண்டே, "கேக்காம எடுத்துப் பழகின குடும்பம், எங்க திருந்தப் போகுது" என்பாள். குரங்குக்குப் புரியாது. சுவருக்கு அந்தப் பக்கம் அம்மி அரைக்கிற சொர்ணம் பெரியம்மாவுக்கு நன்றாகப் புரியும். அம்மிச் சத்தம் கூடும்.

இதெல்லாம் நாகரிகமா அக்கா? அதனால்தான் நான் இந்தப் பிரச்சினையைக் கையில் எடுத்தேன். என்கூடப் படிக்கிறவளின் சித்தப்பா வக்கீல். அவர் பெயரில் நானே வாசகம் எழுதி, பெரியப்பாவுக்கு நோட்டீஸ் அனுப்பினேன். 'மேற்படி பலாமரத்தின் பாத்தியதை முடிவாகும் வரை, இரு தரப்பாரில் எவரும் காயையோ பழத்தையோ பறிக்கவோ, அறுக்கவோ, அப்புறப்படுத்தவோ கூடாது.' கவனியுங்கள், இரு தரப்பாரும். அப்பாவுக்கும் சேர்த்துத்தான். நான் அவ்வளவு நடுநிலை. வக்கீல் சார் படித்துவிட்டு ஒரு கமாவைக்கூட மாற்றவில்லை.

நோட்டீஸ் வந்த அன்று சாயங்காலம் பெரியப்பா செவலைக்குத் தவிடு வைத்துக்கொண்டே சொன்னார். "தங்கக்கண்ணு மவ வக்கீலாயிட்டா, செவல. இனிமே நீ பழத்த மோந்துகூடப் பாக்கக் கூடாதாம்." தங்கக்கண்ணு என்பது அப்பா. அப்பா உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். சிரித்த மாதிரி இருந்தது. நான் திரும்பிப் பார்த்ததும் பேப்பரைத் தூக்கி மறைத்துக்கொண்டார்.

ஆக, இந்த வருஷம் யாரும் பறிக்கவில்லை. மரம் அடி முதல் நுனி வரை பழுத்தது. தானாகப் பழுத்துத் தானாக விழுந்தது. விழுந்து வெடித்தால் வாசனை தெருமுனை வரை வரும். ஈ, அணில், மரநாய், ஓடைக்கு அந்தப் பக்கத்துப் பன்றி, எல்லாம் வந்தன. எங்கள் ஊரில் மிருகம் வருவது புதிதில்லை. முள்ளம்பன்றி வந்து கிழங்கைத் தோண்டும், மயில் வந்து மாடியில் நெல்லைக் கொத்தும், மிளாமான் வந்து கத்தரிச் செடியை மேயும். யாரும் பஞ்சாயத்து வைப்பதில்லை. அம்மா மட்டும், "வீணாப் போகுதே, கண்ணால பாக்க முடியலையே, ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதி எடுத்தா என்ன கொறஞ்சா போகும்" என்று புலம்பினாள். அம்மாவுக்கு இடைக்காலத் தடை என்றால் என்னவென்று புரியவைக்கவே முடியவில்லை.

அப்போதுதான் கரடி வந்தது. அதாவது, கரடி வந்ததாகப் பெரியப்பா சொன்னார்.

யாரிடம் சொன்னார்? செவலையிடம். "கருக்கல்ல கரடி நடமாட்டம் இருக்கு, வடக்குத் தடத்துல போவாத, கோயில் ரோட்டச் சுத்திப் போ." நான் படிக்கட்டில் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். யோசித்துப் பாருங்கள் அக்கா. செவலை கட்டிக் கிடக்கிற மாடு. அது வடக்குத் தடத்தில் எங்கே போகப்போகிறது? வடக்குத் தடத்தில், அந்தப் பலாமரத்தை ஒட்டி, விடிவதற்கு முன்னால் நடந்து போய் மெயின்ரோட்டில் முதல் வண்டி பிடிக்கிறவள் நான் ஒருத்திதான். அப்படியானால் அது யாருக்குச் சொன்னது? எனக்கு. மூன்று வருஷம் முகம் பார்க்காத மனுஷனுக்கு என் மேல் திடீரென்று என்ன அக்கறை? உள்நோக்கம் என்ன என்பதுதான் முதல் கேள்வி. எங்கள் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

நான் கண்டுபிடித்துவிட்டேன். அந்தத் தடத்தில் நான் போகாமல் இருந்தால், பழத்தை எடுப்பதைப் பார்க்க ஆள் இல்லை. சாட்சியை அப்புறப்படுத்துகிறார்.

இதை வீட்டில் சொன்னால் அம்மா தலையில் அடித்துக்கொள்கிறாள். அம்மாவுக்குக் கரடி மேல் அவ்வளவு நம்பிக்கை. "கரடி முகத்தத்தான் பிடுங்குமாம், காலேசும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்" என்று ஆரம்பித்தாள். அந்த வாரமே அத்தை ஒருத்தி, சங்கரன்கோவில் பக்கம் நல்ல இடம் இருக்கிறது என்று வந்து உட்கார்ந்தாள். பார்த்தீர்களா, எப்படிக் கோத்துக்கொண்டு வருகிறது என்று? ஒரு பெண் படிக்கப் போவதை நிறுத்த எங்கள் ஊரில் இதுவரை மாப்பிள்ளை மட்டும்தான் இருந்தார். இப்போது கரடியும் சேர்ந்துகொண்டது. நான் சும்மா விடுவேனா? புற்றைக் கரடி பறித்திருக்கிறது என்றார்கள். கடப்பாரை இருந்தால் நானும் பறிப்பேன் என்றேன். எச்சத்தில் பலாக்கொட்டை கிடந்தது என்றார்கள். மரநாய் எச்சத்திலும்தான் கொட்டை கிடக்கும் என்றேன். டீக்கடை முத்தையா கண்ணால் பார்த்தேன் என்றான். எந்தப் பக்கமாக நின்றது, உயரம் என்ன, வெளிச்சம் இருந்ததா, நீ கண்ணாடி போட்டிருந்தாயா என்று வரிசையாகக் கேட்டேன். "தாயே, நான் ஒண்ணும் பாக்கல, காப்பியக் குடி" என்று சொல்லிவிட்டான். அதற்கு என்ன அர்த்தம்? பொய் என்று அர்த்தம்.

நான் வடக்குத் தடத்தில்தான் போனேன். உரிமை என்று ஒன்று இருக்கிறது.

அப்புறம்தான் பழம் காணாமல் போக ஆரம்பித்தது. சாயங்காலம் வரும்போது பார்ப்பேன், மரத்தடியில் நாலைந்து விழுந்து வெடித்துக் கிடக்கும். காலையில் போகும்போது ஒன்றுகூட இருக்காது. இருக்காது என்றால், சுத்தமாக இருக்காது. சுளை இல்லை, சடை இல்லை, கொட்டை இல்லை. பெருக்கிவிட்டு, பழம் கிடந்த இடத்தில் அடுப்புச் சாம்பலைக் கொண்டுவந்து தூவியிருக்கும். சாம்பல் எதற்கு அக்கா? நான் சொல்லட்டுமா? தடயத்தை அழிக்க. பழம் கிடந்த வாசனைகூட யாருக்கும் தெரியக் கூடாது என்று அவ்வளவு கவனம். மிருகம் தின்றால் சாம்பல் தூவிவிட்டுப் போகுமா? இது மனுஷன் வேலை. நோட்டீஸில் 'அப்புறப்படுத்தவோ' என்று நான் போட்ட வார்த்தையை மீறிய வேலை.

இன்னொன்று. நான் நடக்கிற தடத்தில் எனக்கு முன்னால் யாரோ போகிற சத்தம். தகரத்தை ஒரு தட்டு. செருமல். கம்பால் மரத்தில் ஒரு அடி. தோப்பைத் தாண்டியதும் பார்த்தால் பெரியப்பா, கையில் பழைய எண்ணெய் டின், தோளில் கம்பு, ஓரமாக நின்று ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் தாண்டிப் போனதும் பின்னாலேயே வருவார். நான் நின்றால் அவரும் நிற்பார். நான் பஸ் ஏறுகிற வரைக்கும் புளியமரத்தடியில் பீடி பற்றவைத்துக்கொண்டு நிற்பார். ஒரு பெண்ணை இப்படி வேவு பார்க்கலாமா? எந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது? டின்னைத் தட்டுவது என்னைக் கேலி செய்யத்தான். கல்யாண வீட்டுக்கு மேளம் போகிற மாதிரி எனக்கு முன்னால் தட்டிக்கொண்டு போகிறார்.

அப்பாவிடம் சொன்னேன். கொதித்து எழுவார் என்று நினைத்தேன். அப்பா காப்பியை ஆற்றிக்கொண்டே, "முன்னால போறானா, பின்னால வாரானா?" என்று கேட்டார்.

"முதல்ல முன்னால போறாரு, நான் தாண்டினதும் பின்னால வாராரு" என்றேன்.

"சரி" என்றார். சரி! அவ்வளவுதான். காப்பியைக் குடித்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அப்போதிலிருந்து எனக்கு அப்பா மேலும் ஒரு கண். இந்த அண்ணன் தம்பி இரண்டு பேரும் சேர்ந்து எனக்குத் தெரியாமல் ஏதோ சமரசம் பேசுகிறார்களோ என்று.

பெரியப்பாவுக்குப் பிள்ளை கிடையாது. சின்ன வயதில் நான் அந்த வீட்டில்தான் பாதி நேரம் கிடப்பேனாம், சுளையில் கொட்டையை எடுத்துவிட்டு ஒவ்வொன்றாக வாயில் ஊட்டுவாராம். அம்மா சொல்லுவாள். அதெல்லாம் வழக்குக்குச் சம்பந்தமில்லாத சங்கதி. நீங்கள் கேட்டதால் சொன்னேன். கேட்கவில்லையா? சரி, விடுங்கள்.

நேற்று விடியற்காலையில்தான் முடிவெடுத்தேன். வெறும் சந்தேகம் போதாது, ஆதாரம் வேண்டும். வழக்கத்தைவிடச் சீக்கிரம் கிளம்பி, மோட்டார் ரூமுக்குப் பின்னால் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஒளிந்து நின்றேன். கிழக்கே லேசாக வெளுத்திருந்தது. வந்தார். தலையில் துண்டு, இடுப்பில் உரச்சாக்கு. விழுந்து கிடந்த பழத்தையெல்லாம் குனிந்து குனிந்து சாக்கில் அள்ளினார். வெடித்ததைக் கையாலேயே வழித்துப் போட்டார். புழு நெளிகிற பழம், அக்கா, என்னால் அங்கிருந்தே பார்க்க முடியவில்லை. சாம்பலைத் தூவினார். சாக்கைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வடக்கே நடந்தார். நான் வீடியோ எடுத்துக்கொண்டே பின்னால் போனேன்.

வீட்டுக்குப் போகவில்லை. சந்தைக்குப் போகிற ரோட்டுக்கும் போகவில்லை. நேரே காட்டு எல்லைக்குப் போனார். அங்கே வறண்ட வாய்க்கால் ஒன்று இருக்கிறது, அதற்கு அந்தப் பக்கம் காடு. வாய்க்கால் கரையில் நின்று சாக்கைக் கவிழ்த்தார். அதுதான் சமயம் என்று நான் வெளியே வந்து, என் குரல் எவ்வளவு எழும்புமோ அவ்வளவு எழுப்பிச் சொன்னேன். "பெரியப்பா, கையும் களவுமாப் பிடிச்சாச்சு!"

மூன்று வருஷம் கழித்து நான் அவரைப் பெரியப்பா என்று கூப்பிட்டது அப்போதுதான் என்பது எனக்கே பின்னால்தான் தோன்றியது. சரி, அது முக்கியம் இல்லை. குவியலுக்கு அந்தப் பக்கம் புதர் அசைந்தது. கறுப்பாக ஒன்று எழுந்து நின்றது. நான் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் முதலில் அது என்னவென்று புரியவில்லை. பெரியப்பா திரும்பினார். அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு என்னை நோக்கி ஓடி வந்தார்.

எதற்கு? போனைப் பிடுங்க. வேறு எதற்கு? ஆதாரம் என் கையில் இருக்கிறது அல்லவா. ஓடுகிறவர் ஊர்ப்பக்கம் ஓடியிருக்கலாம், வழி திறந்துதான் கிடந்தது. என் பக்கம்தான் வந்தார். வந்து, "ஓடுட்டி" என்றார். மூன்று வருஷத்தில் நேராக என்னிடம் பேசிய முதல் வார்த்தை. மரியாதையைப் பாருங்கள். நான் ஓடவில்லை. யார் சொன்னாலும் உடனே செய்கிற பழக்கம் எனக்கு இல்லை. அப்போது என்னைத் தோளைப் பிடித்து வாய்க்காலுக்குள் தள்ளிவிட்டார். பெற்ற அப்பாகூட என்னைக் கை நீட்டித் தொட்டதில்லை. இதோ பாருங்கள் முழங்கை, எப்படிச் சிராய்த்திருக்கிறது என்று. இது தாக்குதல். இதற்குத் தனியாகவே வழக்குப் போடலாம்.

நான் மண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து எட்டிப் பார்க்கும்போது, நான் நின்ற இடத்தில் அவர் நின்றார். கரடி அவர் மேல் இருந்தது. அவ்வளவுதான். அதற்கு மேல் நான் சொல்லமாட்டேன். கம்பு கையில் இல்லை. டின்னையும் அன்றைக்குக் கொண்டுவரவில்லை, நான் வருகிற நேரத்துக்கு இன்னும் நிறைய நேரம் இருக்கிறது என்று நினைத்திருப்பார். நான் என்ன கத்தினேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. வீடியோவில் இருக்கிறது. நான் அதைப் போட்டுப் பார்க்கவில்லை. அப்பா எங்கிருந்து வந்தார் என்றும் தெரியவில்லை. அரிவாளோடு, வேட்டி அவிழ்ந்து விழுவதுகூடத் தெரியாமல், "அண்ணே, அண்ணே" என்று கத்திக்கொண்டு வந்தார். அந்தச் சத்தத்தில்தான் அது இறங்கிப் போனது.

இப்போதும் அப்பா உள்ளேதான் இருக்கிறார். கட்டிலின் கால்மாட்டில். மத்தியானம் கஞ்சியைக் கரண்டியால் எடுத்து ஊதி ஊதி அண்ணனுக்குக் கொடுத்தார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா ஊட்டுகிறார், அவர் வாயைத் திறக்கிறார், அப்பா வாயைத் துடைத்துவிடுகிறார். பேசாமல் இருப்பது என்று ஒருமுறை முடிவு செய்தால் எங்கள் குடும்பத்தில் உறுதியாக இருப்பார்கள்.

சரி, வழக்குக்கு வருவோம். பெரியப்பா வேட்டைக்காரனுக்குத் துணை போகிற ஆள் இல்லை. அது எனக்கு நிச்சயம். கோழி அறுக்கக்கூடப் பெரியம்மாதான். அதனால் நான் தீர்மானித்துவிட்டேன் அக்கா. பாரஸ்டர் கேட்டால், "சார், அவர் பலாப்பழத் திருடர், அவ்வளவுதான்" என்று சொல்லப்போகிறேன். சொந்தத் தம்பியின் பழத்தைத் திருடியது சின்னக் குற்றம். நாங்களே புகாரை வாபஸ் வாங்கிக்கொள்ளலாம். பெரிய குற்றத்திலிருந்து காப்பாற்றச் சின்னக் குற்றத்தை நிரூபிப்பது. எதிரிக்குக்கூட நான் இவ்வளவு உதவி செய்கிறேன் பாருங்கள்.

என்ன கேட்கிறீர்கள்? அழுகின பழத்தைத் திருடி என்ன செய்வார் என்றா?

கொட்டை இருக்கிறதே. பலாக்கொட்டையை அவித்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். குழம்பில் போடலாம்.

ஆமாம். கொட்டையோடுதான் கவிழ்த்தார். நானே பார்த்தேன். வீடியோவிலும் இருக்கிறது.

அதைத்தான் குறுக்கு விசாரணையில் கேட்க வேண்டும். திருடினவர் கொட்டக் கூடாது. பழக்கினவர் என்றால் சாம்பல் தூவக் கூடாது, டின் தட்டக் கூடாது, கரடியை வரவழைக்கிறவன் யாராவது டின் தட்டுவானா? அப்போது இரண்டும் இல்லை என்றாகிறது. இரண்டும் இல்லை என்றால்... இருங்கள், யோசிக்க விடுங்கள். நீங்கள் எதற்கு என்னை அப்படிப் பார்க்கிறீர்கள்?

பறித்திருந்தால் விழுந்திருக்காதே என்றா?

அந்த நோட்டீஸில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை அக்கா. வக்கீல் படித்துப் பார்த்துவிட்டு ஒரு கமாவைக்கூட மாற்றவில்லை என்று சொன்னேனா இல்லையா? சொன்னேன். சட்டப்படி அது சரி. மரம் பழுத்தால் நான் என்ன செய்வது? பழம் விழுந்தால் நான் என்ன செய்வது? கரடிக்கு மூக்கு இருந்தால் அதற்கும் நானா பொறுப்பு? பறிக்கக் கூடாது என்றுதான் எழுதினேன். புழு நெளிகிற பழத்தை விடியற்காலையில் தோளில் சுமக்க வேண்டும் என்றா எழுதினேன்? நடக்காதே என்று என்னிடம் வந்து நேராக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. மாட்டிடம் சொன்னால்? மாட்டிடம் சொன்னால் நான் எப்படி நம்புவது? அவர் வந்து சொல்லியிருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன் என்கிறீர்களா? நீங்கள் யார் பக்கம்?

அதோ, கூப்பிடுகிறார். துப்பட்டாவில் ரத்தக்கறை தெரிகிறதா? தெரிந்தால் தெரியட்டும். என் பையைப் பார்த்துக்கொள்ளுங்கள். போனை நான் எடுத்துக்கொண்டு போகிறேன். ஆதாரம்.

வந்துவிட்டேன். அக்கா, முதலில் இந்தப் போனை உங்கள் கூடைக்குள் போடுங்கள். பிளாஸ்க்குக்கு அடியில். சீக்கிரம், அவர் இந்தப் பக்கம்தான் வருவார். பாரஸ்டர் வீடியோ ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். போன் வாய்க்காலில் விழுந்து தொலைந்துபோனது என்று சொல்லியிருக்கிறேன். வறண்ட வாய்க்காலில் எப்படித் தொலையும் என்று அவருக்குத் தோன்றவில்லை. நல்லவேளை, அவர் சட்டம் படிக்கவில்லை.

கொஞ்சம் தண்ணீர் இருந்தால் கொடுங்கள்.

என்ன சொன்னேனா? அவர் நேராகக் கேட்டார். "பழத்தக் கொண்டுபோய்க் காட்டோரம் கொட்டச் சொன்னது யாரும்மா? உண்மையச் சொல்லு." அப்பா என்னைப் பார்க்கிறார். பெரியப்பாவுக்கு ஒரு கண் கட்டுக்குள்ளே இருக்கிறது. மற்றக் கண்ணால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் திருடர் என்றே சொல்லியிருப்பேன், எனக்கென்ன பயம்?

"நான்தான் சொன்னேன்" என்றேன்.

அப்படிப் பார்க்காதீர்கள். கேளுங்கள். "எங்க மரத்துப் பழம் நான் போற தடத்துல விழுது சார். கரடி வருது. அதனால விழுந்ததையெல்லாம் எடுத்துத் தூரமாப் போட்டுருங்கன்னு பெரியப்பாகிட்ட நான்தான் சொன்னேன்." எங்க மரம் என்றேனா? ஆமாம், எங்க மரம் என்றுதான் சொன்னேன். அது யாரை யாரைக் குறிக்கும் என்று அவர் கேட்கவில்லை, நானும் விளக்கவில்லை. அது ஒரு உத்தி. வேறெதுவும் நினைத்துக்கொள்ளாதீர்கள். நோட்டீஸை வாபஸ் வாங்க வேண்டியிருக்கும், அது வேறு விஷயம். அதற்கும் நானே வாசகம் எழுதிவிடுவேன்.

பாரஸ்டர் விடவில்லை. "ஊர்ல வெசாரிச்சேன். ரெண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தையே கெடையாதுன்னு சொல்லுதாங்க. நீ எப்படிச் சொல்லியிருப்ப?" என்றார். நல்ல கேள்வி. எனக்கே பதில் வரவில்லை, அக்கா. எனக்கு!

அப்போது பெரியப்பா திரும்பினார். கட்டுக்குள்ளேயிருந்து வாய் பாதிதான் திறக்கிறது. பாரஸ்டர் முகத்தைப் பார்த்து, கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொல்கிறார். "ஊர்க்காரன் என்னத்தக் கண்டான் சார்? தெனமும் காலையில எங்கிட்ட 'வாரேன் பெரியப்பா'ன்னு சொல்லிட்டுத்தான் எம்புள்ள காலேசுக்கே போவா."

அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அதோ, அந்தத் தூணுக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து நிற்கிறாரே, அவர்தான். பாரஸ்டர் எல்லாவற்றையும் அப்படியே எழுதிக்கொண்டார்.

எவ்வளவு சரளமாக, எவ்வளவு கூசாமல் பொய் சொல்கிறார் பாருங்கள் அக்கா. ஒரு நாள் சொல்லியிருப்பேனா நான் அப்படி? ஒரே ஒரு நாள்? நீங்கள்தான் நம்பமாட்டேன் என்கிறீர்கள். வந்து உட்கார்ந்ததிலிருந்து சொல்கிறேனே, அந்த மனுஷனை ஒரு வார்த்தைகூட நம்பக் கூடாது என்று.